குழாயைப் பூட்டச் சொன்னவர்

மூன்றேகால் பவுண்டு. 1955-ஆம் வருஷம் ஜூலை பன்னிரண்டாம் தேதி விடிந்தபோது மஞ்சப்பாறை எஸ்டேட் டிஸ்பென்சரியில் பிறந்த ஆண் குழந்தையின் எடை அது. நர்ஸ் அன்னாள் துணியோடு சேர்த்து நிறுத்தாள். பிறகு துணியைத் தனியாக நிறுத்துக் கழித்தாள். எட்டாம் மாதம் இன்னும் முடியவில்லை. குழந்தையின் அப்பா ஆறுச்சாமி எஸ்டேட் ஒர்க்ஷாப்பில் பிட்டர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இதற்கு முன்னால் இரண்டு முறை அவர் மனைவி வள்ளியாத்தாளின் வயிற்றில் தங்காமல் போயிருந்தது. உயிரோடு வெளியே வந்தது இதுதான்.

குழந்தை அழுததா என்று கேட்டால், அழுதது என்று சொல்ல முடியாது. முனகியது. வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஆறுச்சாமிக்கு மழைச் சத்தத்தில் அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

டாக்டர் சாம்பசிவன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். கல்பாத்திக்காரர். மலைக்கு வந்து ஆறு வருஷமாகியும் கம்பளிக் குல்லாயைக் கழற்றாதவர்.

"இங்க பாரு ஆறுச்சாமி. கொழந்தைக்கு மூச்சு இருக்கு. ஆனா உடம்புல சூடு நிக்கல்லை. அடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டி ஒண்ணு வாங்கி வச்சிருக்கா. அதுக்குள்ள வச்சாப் பொழைக்கும். அங்க போய்ச் சேர்ற வரைக்கும் சூடு போகாம எடுத்துண்டு போகணும். அதாக்கும் காரியம்."

"போயிரலாமுங்க. நம்ம கார்லயே போயிரலாமுங்க."

"கார் இருக்கு. ஹீட்டர் எங்கே?"

ஆறுச்சாமி எழுந்து நின்றார்.

டிஸ்பென்சரியின் கார் ஒரு பழைய இங்கிலீஷ் வண்டி. முந்தைய மேனேஜர் துரை ஓட்டி அலுத்துப்போய் ஆஸ்பத்திரி வேலைக்குக் கொடுத்தது. டாஷ்போர்டுக்குக் கீழே, முன்சீட்டில் உட்காருகிறவர் முழங்காலுக்கு நேராக, வட்டமான ஒரு தகரப் பெட்டி இருக்கும். எஞ்சினின் வெந்நீர் ஒரு குழாய் வழியாக அதற்குள் வந்து இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிப் போகும். பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன மின்சார மோட்டார். அதன் விசிறி அந்தச் சூட்டைக் காருக்குள் ஊதிவிடும். மே மாதம் அந்த மோட்டாரின் கம்பிச் சுருள் வெந்துபோயிற்று. கொச்சியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று ஸ்டோரில் சொன்னார்கள். ஆறுச்சாமி மறுபடி கேட்கவில்லை.

அவர் எருத்தேன்பதிக்காரர். மழை மறைவில் கிடக்கும் காட்டு நிலம். அவர் வேலை கற்றுக்கொண்டது பொள்ளாச்சியில் ஒரு பஸ் ஒர்க்ஷாப்பில். அங்கே வண்டிச் சூடு என்பது பகையாளி. நாலு மைலுக்கு ஒரு தடவை நிறுத்தி, பானட்டைத் தூக்கி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி ஆற வைப்பார்கள். காசு கொடுத்து ஒரு மோட்டார் வாங்கி அந்தச் சூட்டை ஆள் உட்காரும் இடத்துக்கு ஊதிவிடுவது துரைமார்களின் கிறுக்குத்தனங்களில் ஒன்று என்று அவர் மூன்று வருஷமாக நினைத்திருந்தார்.

"நேரியமங்கலம் பாலம் தாண்டிட்டா வேர்த்துக் கொட்டும்" என்றார் டாக்டர். "அதுவரைக்கும் இந்தக் காத்தும் மழையும். வெந்நீர் பாட்டில் அரை மணி நேரத்துல பச்சைத் தண்ணியாயிடும். தாயாரோட நெஞ்சுல போட்டு எடுத்துண்டு போகலாம்னா அவளுக்கே குளிர்காய்ச்சல்ல பல்லு கிட்டிக்கறது. உன்னால முடியுமா, முடியாதா?"

"முடியுமுங்க."

முடியும் என்று அவர் சொன்னதற்குக் காரணம் பேக்டரிக்குப் பின்னால் கிடந்தது. அதே கம்பெனி, அதே மாடல் கார் ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வளைவில் வழுக்கித் தேயிலைக்குள் உருண்டது. எஞ்சினை எப்போதோ கழற்றி எடுத்துவிட்டார்கள். மிச்சத்தில் பேக்டரி வாட்ச்மேனின் கோழிகள் குடியிருந்தன. கோழியை விரட்டிவிட்டு, மழையில் நனைந்தபடி டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஆறுச்சாமி அந்த மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தார். கையால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கார்பன் உரசுகிற செம்பு வளையத்தை உப்புத்தாளால் தேய்த்து, பாட்டரியில் வயரைத் தொட்டார். ஒரு பொறி. இன்னொரு பொறி. மூன்றாவது தடவை மோட்டார் இருமிக்கொண்டு சுற்றியது.

"பொழைச்சிக்கிட்டு!" என்றார் டிரைவர் மத்தியாஸ். மோட்டாரைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மத்தியாஸ் எஸ்டேட் லைனிலேயே, கூலிகளின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்தவர். வீட்டில் தெற்கத்தித் தமிழ், ரோட்டில் மலையாளம், துரையிடம் நாலு இங்கிலீஷ் வார்த்தை. மூன்றும் ஒரே மூச்சில் வரும். ஐந்து பிள்ளைகள். ஆறுச்சாமி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், டயர் மாற்றும்போது, "சக்கரத்தைப் பூட்டுங்கண்ணா" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். மத்தியாஸ் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "பூட்டுதேன். சாவி எங்கவே?" என்று கேட்டார். ஒர்க்ஷாப்பே சிரித்தது. கொங்குக்காரருக்கு மாட்டைப் பூட்டுவதும் வண்டியைப் பூட்டுவதும் போல்ட்டைப் பூட்டுவதும் ஒன்றுதான்: இருக்க வேண்டிய இடத்தில் பொருத்துவது. மத்தியாஸுக்குப் பூட்டுவது என்றால் அடைப்பது. கதவு, கடை, தண்ணீர்க் குழாய் எதுவானாலும். கொஞ்ச நாள் அதை வைத்துக் கேலி நடந்தது. பிறகு அந்தக் கேலி பழசாகி எல்லோருக்கும் மறந்துவிட்டது.

காரை டிஸ்பென்சரி வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தார் ஆறுச்சாமி. எஞ்சின் தலையில் பித்தளைத் திருகு ஒன்று இருக்கிறது; வெந்நீரை ஹீட்டருக்கு விடுவதும் நிறுத்துவதும் அதுதான். அதை அடைத்தார். இரண்டு தண்ணீர்க் குழாய்களையும் உருவினார். வெளிக்காற்றைப் பெட்டிக்குக் கொண்டுவரும் தடித்த கறுப்பு ரப்பர் குழாயையும் உருவினார். பெட்டியைக் கழற்றி வெளியே எடுத்து, வெந்த மோட்டாரைத் தூக்கி எறிந்துவிட்டு, புதியதை, அதாவது பழையதை, வைத்து முறுக்கினார். மத்தியாஸ் குடை பிடித்தார்.

"கை நடுங்குதே பிட்டரே. நான் வேணா முறுக்கட்டா?"

"குளுருங்கண்ணா."

"குளிருதான். எனக்கும் மூத்தவன் பொறந்தன்னிக்கு இப்படித்தான் குளிருச்சு. சித்திரை மாசம்."

ஆறுச்சாமி சிரிக்கவில்லை. ஆனால் கை கொஞ்சம் நிதானப்பட்டது.

தண்ணீர்க் குழாய்கள் இரண்டையும் மாட்டிக் கிளிப்பை முறுக்கினார். பித்தளைத் திருகைத் திறந்தார். எஞ்சினை ஓட விட்டு, காருக்குள் முழங்காலிட்டுப் பெட்டிக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டினார். முதலில் புழுதி வந்தது. பிறகு கோழி இறகு ஒன்று பறந்து வந்தது. அப்புறம் வந்தது சூடு. அடுப்பு வாயில் கை காட்டுகிற மாதிரி நல்ல சூடு. அவர் கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

பாக்கி இருந்தது ஒன்றுதான். அந்தக் கறுப்பு ரப்பர் குழாய். அது பானட்டுக்கு அடியில் தன் இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நுனியைப் பெட்டியின் வாயில் செருகிக் கிளிப் போட வேண்டும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவர் குனிந்தபோது உள்ளேயிருந்து அன்னாள் கத்தினாள்.

"பிட்டரண்ணாச்சி! ஓடி வாங்க! அக்கா நிக்கமாட்டேங்குதாக, விழுந்துருவாக போல!"

ஆறுச்சாமி ஸ்பேனரை மத்தியாஸ் கையில் திணித்தார்.

"அந்தக் கொழாயப் பூட்டிட்டு, பானட்டைச் சாத்திருங்கண்ணா!"

சொல்லிவிட்டு ஓடினார். மனைவியைக் கம்பளியோடு வாரித் தூக்கிக்கொண்டு வந்தார். வள்ளியாத்தாள் எடையே இல்லாமல் இருந்தாள். பின்சீட்டில் கிடத்தினார். அவள் காலடியில் டாக்டர் ஒடுங்கி உட்கார்ந்தார். முன்சீட்டில் அன்னாள், அவள் மடியில் பஞ்சும் ப்ளானல் துணியும் சுற்றிய ஒரு பொட்டலம், பொட்டலத்துக்கு நேராக ஹீட்டர். ஆறுச்சாமிக்கு இடமில்லை. மறுநாள் காலையில் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு லாரி கீழே இறங்கும், அதில் வரச் சொன்னார் டாக்டர்.

"சூடா வருதுங்களா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் ஆறுச்சாமி.

"சூடா வருது அண்ணாச்சி. கர்த்தர் புண்ணியம்" என்றாள் அன்னாள்.

வள்ளியாத்தாள் கண்ணைத் திறந்து, "ஏனுங்க, நீங்க வல்லீங்களா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் கார் நகர்ந்துவிட்டது. முதல் வளைவு வரைக்கும் சிவப்பு விளக்கு தெரிந்தது. பிறகு மஞ்சு மூடிக்கொண்டது.

மறுநாள் லாரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு மேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வந்தார். வழியில் ஓரிடத்தில் மண் சரிந்து நேரமாயிற்று. கூலிக்காரர்கள் மண்ணை வாரும்போது இவரும் இறங்கி வாரினார். யாரோ, "எங்க போறீக?" என்று கேட்டதற்கு, "பையனைப் பாக்கப் போறனுங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் வாழ்க்கையில் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னது அவருக்கே கூச்சமாக இருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரி வளாகத்தில் வெயில் அடித்தது. பலாமரத்தடியில் கார் நின்றது. மத்தியாஸ் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"புள்ள?"

"இருக்கு. பெட்டிக்குள்ள வச்சிருக்காக." மத்தியாஸ் நிமிரவில்லை. "ஆனா வந்து சேரும்போது நெறம் மாறிட்டு பிட்டரே. நகமெல்லாம் நீலம். ஒம்ம மோட்டாரு கழுத்தறுத்துட்டு."

"சுத்தலைங்களா?"

"சுத்தாம என்ன? ஜோரா சுத்திச்சு. கொஞ்ச தூரம் வரைக்கும் நல்ல சூடு. அதுக்கப்பறம் அத்தனையும் பச்சைக் காத்து. எறக்கத்துல எஞ்சினு சூடாகாதுன்னு நெனச்சேன். கடைசியில டாக்டரய்யா, பிள்ளை மேல குளிர் காத்து அடிக்குதுன்னு அணைக்கச் சொல்லிட்டாக. நர்ஸம்மா தன் நெஞ்சுச் சட்டையை அவுத்து உள்ள வச்சுக்கிட்டு வந்தாக. நான் ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தேன்."

ஆறுச்சாமி பானட்டைத் தூக்கினார்.

கறுப்பு ரப்பர் குழாய் அவர் விட்ட இடத்திலேயே தொங்கியது. கிளிப் எஞ்சின் மேல் அப்படியே கிடந்தது. பித்தளைத் திருகு குறுக்காக நின்றது. தொட்டுப் பார்த்தார். இறுக அடைத்திருந்தது. ஸ்பேனர் வைத்து அடைத்த இறுக்கம். புறப்படும்போது பெட்டிக்குள் தங்கியிருந்த வெந்நீர் ஆறும் வரைக்கும்தான் சூடு வந்திருக்கிறது.

"இதை ஏனுங்கண்ணா சாத்தினீங்க?"

"எதை?"

"இந்தத் திருகை."

"நீருதானவே சொன்னீரு." மத்தியாஸ் துணியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். "கொழாயப் பூட்டச் சொல்லிட்டுத்தானே ஓடினீரு? சோதிச்சுப் பாக்கத் தொறந்து வச்சிருந்தீரு, வண்டி ஓடும்போது அடைச்சிருக்கணும் போல, அதான் அடைக்கச் சொல்லுதீருன்னு..." பேச்சு நின்றது. அவர் பார்வை அந்தக் கறுப்புக் குழாய்க்குப் போயிற்று. பிறகு கிளிப்புக்கு.

"அய்யோ" என்றார், மிகவும் மெதுவாக. "அய்யோ, பிட்டரே."

ஆறுச்சாமிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யார் மேலாவது பாய்ந்திருக்கலாம். முப்பத்தாறு வருஷமாக வாயில் புழங்கிய ஒரு வார்த்தை. பல்லைப் போல, இருப்பதே தெரியாத ஒரு வார்த்தை. அதன்மேல் எப்படிப் பாய்வது?

டாக்டர் சாம்பசிவன் வராந்தாவிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். ராத்திரி முழுவதும் தூங்காத முகம். திறந்த பானட்டையும் இரண்டு பேர் நின்ற நிலையையும் பார்த்தார். கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். ஆறு வருஷமாக அந்தக் காரில் போய் வந்தவருக்கு அந்தத் திருகு எதற்கென்று தெரியும்.

"யார் இதை அடைச்சது?"

மத்தியாஸ் ஈரத் துணியைப் பிழிந்தார்.

"மத்தியாஸ், உன்னைத்தான் கேக்கறேன். வண்டியை எடுத்தது நீ. யார் அடைச்சா? இதை நான் மேனேஜர் கிட்டச் சொல்லாம இருக்க முடியாது, கேட்டயா?"

போன வருஷம் ஒரு லாரி டிரைவரை இதைவிடச் சின்ன விஷயத்துக்கு வீட்டோடு லைனை விட்டுக் காலி பண்ணச் சொன்ன மேனேஜர் அவர். மழைக்காலத்தில், சட்டி பானையோடு.

"நாந்தானுங்க பூட்டச் சொன்னேன்" என்றார் ஆறுச்சாமி.

அதில் பொய் ஒன்றும் இல்லை.

"நீயா?" டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "சொந்தக் கொழந்தைக்காடா? தண்ணியை அடைச்சுட்டா சூடு எங்கேர்ந்து வரும்? நீ பிட்டர்தானே? இல்லை, எருமை மேய்க்க வந்தவனா?"

"தப்புத்தானுங்க."

"ஐயா, அது வந்து..." என்று மத்தியாஸ் ஆரம்பித்தார்.

"நீங்க வண்டியைத் தொடைங்கண்ணா" என்றார் ஆறுச்சாமி. குரல் உயரவில்லை. மத்தியாஸ் அடங்கிவிட்டார். அடங்கிய அவமானத்தில் வண்டிக்கு அந்தப் பக்கம் போய், ஏற்கெனவே துடைத்த கதவை மறுபடியும் துடைத்தார்.

குழந்தையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விட்டார்கள். உள்ளே ஒரு பல்பு எரிந்தது. சிவப்பும் நீலமுமாக ஒரு உடம்பு. விரல்கள் இருந்தன, பத்தும். நெஞ்சு விட்டு விட்டு ஏறி இறங்கியது. ஏறும்போது ஆறுச்சாமியும் மூச்சை இழுத்தார். அடுத்தது வரும் வரைக்கும் விடவில்லை.

வள்ளியாத்தாளின் கட்டில் வராந்தா ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது. வெளியே பேசியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது.

"ஏனுங்க, கொழாயப் பூட்டச் சொன்னதுக்கு டாக்டரு எதுக்கு வையறாரு? பூட்டாம எப்புடி வண்டி போகும்?"

அந்த ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையை அவர் சொன்ன அர்த்தத்தில் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"அவிங்க பேச்சுல பூட்டறதுன்னா சாத்தறதும்மா."

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப நீங்க சாத்தச் சொல்லுல."

"இல்ல."

"அதைப் போயிச் சொல்லுங்க. எந்திரிச்சுப் போயிச் சொல்லுங்க டாக்டரு கிட்ட."

"சொன்னா மத்தியாஸண்ணனை வேலைய உட்டு எடுத்துருவாங்க. அவருக்கு அஞ்சு புள்ளைங்கம்மா."

"நமக்கு?" என்றாள் வள்ளியாத்தாள்.

ஆறுச்சாமி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்னாள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அது ஆறி ஆடை கட்டியது.

மறுநாள் மத்தியானம் குழந்தையின் மூச்சு நின்றது. டாக்டர் வந்து ஆறுச்சாமியின் தோளில் கை வைத்தார். முந்தின நாள் கோபம் அவரிடம் இல்லை. "மூணேகால் பவுண்டு. ஹீட்டர் ஓடியிருந்தாலும் நிச்சயமாச் சொல்ல முடியாதுப்பா" என்றார். அது ஆறுதலுக்குச் சொன்னதா, நிஜமா என்று ஆறுச்சாமியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. டாக்டராலும் முடிந்திருக்காது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ரப்பர் மரங்களுக்கு இந்தப் பக்கம், இடம் காட்டினார்கள். குழியை மத்தியாஸ் வெட்டினார். மண்வெட்டியை வேறு யாருக்கும் தரவில்லை. வெட்டி முடித்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்து, "மேனேஜர்ட்ட நானே சொல்லிருதேன் பிட்டரே" என்றார். "வேண்டாமுங்கண்ணா" என்றார் ஆறுச்சாமி. அதற்கு மேல் மத்தியாஸ் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததை இருவருமே கவனித்தார்கள்.

மேனேஜர் துரை நீண்ட விசாரணை எதுவும் வைக்கவில்லை. கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் முடித்து, ஆறுச்சாமியை வேலையிலிருந்து நிறுத்தினார். ஒர்க்ஷாப் ஆட்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சொந்தப் பிள்ளைக்குப் போகிற வெந்நீரை அடைக்கச் சொன்ன பிட்டர் என்ற கதை லைன் லைனாகப் போயிருந்தது. மத்தியாஸின் மனைவி ஒரு பையில் அரிசியும் கருவாடும் கொடுத்தனுப்பினாள். வள்ளியாத்தாள் அதை வாசலிலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஆறுச்சாமிக்குச் சித்தூரில் ஒரு நெல் மில்லில் எஞ்சின் பார்க்கும் வேலை கிடைத்தது. வள்ளியாத்தாள் அங்கே வரவில்லை. எருத்தேன்பதியில் தன் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.